என்கேதியில் மூன்று மணி நேரம்

(மருத்துவமனை ஸ்தோத்திரப் பண்டிகையன்று ஆதரவாளர் கூட்டத்தில் நமது சாப்ளின் ஐயர் அவர்கள் பேசியது. வர முடியாத அன்பர்களுக்காகப் பேசியபடியே அச்சிட்டிருக்கிறோம்.)



நான் பேச எழுந்ததும் ஒரு தம்பி ஓடி வந்து இந்த மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். நல்ல பழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு முதல், நான் பேசும் இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். அந்தத் தம்பி புதியவர், அவருக்குத் தெரியாது. இன்றைக்கு அதன் காரணத்தையே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பகிர்ந்துகொள்வோம் அல்லவா? நம் மருத்துவமனை ஆலயத்தில் ஐந்தாம் வார்த்தை பல வருஷங்களாக எனக்குத்தான் வரும். ஆண்டவர் தம்முடைய தாகத்தைச் சொன்ன வார்த்தை. மற்ற வார்த்தைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டும். இது சின்ன வார்த்தை, சாப்ளின் ஐயருக்குக் கொடுத்தால் சீக்கிரம் முடிப்பார் என்று கமிட்டியார் நினைத்திருக்கலாம். ஒரு வருஷமும் நான் சீக்கிரம் முடித்ததில்லை.

2019 ஏப்ரல் 19ஆம் தேதியும் அப்படியே பேசினேன். ஆத்தும தாகம், நீதியின்மேல் தாகம், சமாரியப் பெண்ணின் கிணறு என்று எல்லாவற்றையும் தொட்டுப் பேசினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரர் மெதுவாக வந்தார். நம் டயாலிசிஸ் பிரிவில் வாரம் இரண்டு முறை படுப்பவர். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் இருபது வருஷம் வேலை செய்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சிக்கிடக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"தாகத்தைப் பத்தி நல்லா பேசினீங்க. ஆனா நடுவுல ரெண்டு தடவை தண்ணி குடிச்சீங்க. நான் அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தேன். பிரசங்கம் காதுல விழலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

டயாலிசிஸ் நோயாளியின் நிலை உங்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. அது காலில் வீங்கும், நுரையீரலில் தேங்கும், மூச்சுத் திணறும். ஆகையால் பலருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதிகம் போனால் ஒரு லிட்டர் என்று அளந்து கொடுப்பார்கள். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். உப்பையும் குறைக்க வேண்டும், உப்பு தாகத்தை வளர்க்கும். உப்பை வாரிக் குவித்த மனிதருக்கு உப்பில்லாத சோறு. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிற இயந்திரமோ நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம், நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரைச் செலவழிக்கும். அந்தத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருப்பார். இந்தக் காட்சியை நான் வாரந்தோறும் பார்த்து, ஜெபம்பண்ணி, "வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், ஆறுதலாயிருக்கும்" என்று சிஸ்டர்கள் சொல்வதை நானும் சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தவன்.

இரண்டு வாரம் கழித்து, மே முதல் வாரத்தில், பரிசுத்த தேச யாத்திரை போகிற ஒரு குழுவோடு போகும் பாக்கியத்தைக் கர்த்தர் எனக்குத் தந்தார். எருசலேம், பெத்லகேம் எல்லாம் பார்த்து முடிந்து, ஒரு நாள் சவக்கடல் கரை. குழுவினர் எல்லோருக்கும் அந்த உப்புத் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு மிதப்பதில் ஆசையில்லை. வழியில் என்கேதி இருக்கிறது. தாவீது சவுலுக்கு ஒளிந்திருந்த இடம், 1 சாமுவேல் 24ஆம் அதிகாரம். என்னை அங்கே இறக்கிவிடுங்கள், நண்பகலில் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். தனியாகவா என்றார். "நான் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவன், செம்மணல் சூட்டில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவன், எனக்கென்ன" என்று வீரம் பேசினேன். காலையில் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை போட்டிருந்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளில் ஒன்று பேருந்து இருக்கையின் வலைப்பையிலேயே நின்றுவிட்டது. அது முழுக்க என் குற்றம்.

எட்டு மணிக்கு வாசல் திறந்தார்கள். சீட்டுக் கொடுக்கிற பெண் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரு புட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. எபிரெய மொழியில் 'ஏன்' என்றால் ஊற்று, 'கெதி' என்றால் ஆட்டுக்குட்டி. வருஷத்தில் 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பாறை மலைகள்; அவற்றின் நடுவே நான்கு ஊற்றுகள். தண்ணீர் அந்த இடத்து மழையில் வருவதல்ல. மேற்கே யூதேயாவின் உயர்ந்த மலைகளில் பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியில் நெடுந்தூரம் நடந்து, இந்தப் பள்ளத்தில் வந்து வெளிப்படுகிறது. மழை பெய்தவன் ஒருவன், குடிக்கிறவன் ஒருவன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கொடையாளர்களாகிய உங்கள் முன்னால் இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

தாவீதின் ஓடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடையோரமாய்ப் பாதை ஏறுகிறது. வேதத்தில் வாசித்த வரையாடுகளைக் கண்ணால் கண்டேன். செங்குத்துப் பாறையில் நம் வீட்டுத் திண்ணையில் ஆடு நிற்பதுபோல நின்றன. குழிமுசல்கள் மரக்கிளையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன. சங்கீதக்காரன் இரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்துப் பாடியது இங்கே வந்தால்தான் புரியும். எருக்கஞ்செடியைப் பார்த்ததும் நம் ஊர் ஆளைச் சந்தித்ததுபோல் இருந்தது. நம் எருக்குக்கு அண்ணன் முறை. உள்ளங்கை நிறையும் காய். சோதோமின் ஆப்பிள் என்று அதற்குப் பெயராம். பாறை முகட்டிலிருந்து நூலாய் விழுகிற நீர்வீழ்ச்சியைப் பார்த்து, ஒரு பெரிய கல்லில் உட்கார்ந்து ஜெபித்தேன். அதுவரை எல்லாம் யாத்திரைதான்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். வந்த வழியே போக மனமில்லை. மேலே ஏறி, சூலமித்தி ஊற்று வழியாக மலைமேடையைச் சுற்றி, என்கேதி ஊற்றைப் பார்த்து, மறுபக்கம் இறங்கினால் பழைய ஜெப ஆலயம், அங்கிருந்து ரோட்டுக்கு வந்துவிடலாம் என்று வரைபடம் சொன்னது. ஏறினேன். சூலமித்தி ஊற்று வந்தபோது மணி ஒன்பது. புட்டியில் ஒரு சொட்டு இல்லை.

ஆரம்பத்தில் பெரிதாகத் தோன்றவில்லை. மலைமேடையில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு வழிபாட்டு இடத்தின் கல் அடித்தளம் இருக்கிறது. நிழல் என்று ஒன்று கிடையாது. அங்கே வந்தபோதுதான் வாய் மாறியது. எச்சில் முதலில் கெட்டியாகிறது, பிறகு இல்லாமற்போகிறது. நாக்கு வாய்க்குள் வேறொருவருடைய பொருள்போல் கிடக்கிறது. கீழே கிழக்கில் சவக்கடல் முழுவதும் தெரிகிறது, நீலமாய், அவ்வளவு அழகாய். சமுத்திரத்தைவிடப் பத்து மடங்கு உப்பு. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு ஏறிய பின்பும் நான் கடல் மட்டத்துக்குக் கீழேதான் நின்றேன். சவக்கடலின் கரை கடல் மட்டத்துக்கு 430 மீட்டர் கீழே இருக்கிறது. மலை ஏறினேன் என்று பெருமைப்பட்டவன் தூத்துக்குடிக் கடற்கரையின் உயரத்தைக்கூட எட்டவில்லை.

சபையாரே, தாகத்தில் பரிசுத்தமான எண்ணங்கள் வரும் என்று நான் பிரசங்கித்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. எங்கள் ஆச்சி வீட்டு மண்பானை வந்தது. அதன்மேல் கவிழ்த்திருந்த அலுமினிய டம்ளர், அதன் விளிம்பில் இருந்த நெளிவு வந்தது. ரயில் நிலையக் குழாய், கல்யாண வீட்டு எலுமிச்சைச் சாறு, நான் பாதி குடித்துக் கீழே ஊற்றிய தண்ணீர் எல்லாம் வந்தன. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் பிரசங்க மேடையில் இருந்த அந்த டம்ளர் வந்தது.

வேதாகமக் கல்லூரியில் எங்கள் எபிரெய ஆசிரியர் 'நெஃபெஷ்' என்ற சொல்லை நடத்தினார். நம் வேதத்தில் ஆத்துமா என்று இருக்கிற சொல். அதற்குத் தொண்டை என்றும் ஒரு பொருள் உண்டு. தாவீது யூதாவின் வனாந்தரத்தில் பாடியதாகத் தலைப்பிட்டிருக்கிற 63ஆம் சங்கீதத்தில் தாகப்படுவது அந்த நெஃபெஷ்தான். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அன்று மலைமேடையில்தான், தாவீது முதலில் தொண்டையைத்தான் சொன்னாரோ என்று தோன்றியது.

என்கேதி ஊற்றுக்கு வந்து சேர்ந்தேன். சின்னக் குளம், சுற்றிலும் பசுமை. பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் காலை விட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிக்கிற தண்ணீர். மஞ்சள்காமாலை வார்டிலும் பேதி வார்டிலும் இத்தனை வருஷம் நடந்தவனுக்கு அதைக் குடிக்கத் துணிவு வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் ஆசிரியையிடம் ஒரு மடக்குக் கேட்டிருக்கலாம். கண்டிப்பாய்க் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. முதலில் பாஷை தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கழுத்துப்பட்டை போடாவிட்டாலும் ஐயர் என்கிற கௌரவம் வனாந்தரம் வரைக்கும் கூட வந்திருந்தது. கை நீட்டிப் பழக்கமில்லை; உங்களிடம் மருத்துவமனைக்காக நீட்டியிருக்கிறேன், எனக்காக நீட்டியதில்லை.

குனிந்து ஒரு கை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.

துப்பின பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அந்த உப்பளத்துத் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்த வைத்தியம் அதுதானே. ஆறுதலாயிருக்கும் என்று சொல்லியிருந்தேன். அரை நிமிஷம் இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாயிற்று, ஏனென்றால் வாய்க்கு இப்போது தண்ணீரின் ஞாபகம் வந்துவிட்டது.

இறங்கும்போது தலை சுற்றியது. இரண்டு முறை பாறை நிழலில் உட்கார்ந்தேன். கீழே பழைய ஜெப ஆலயத்தின் சித்திரத் தரையைப் பார்த்தேன், பார்த்தேன் என்று சொல்லலாமே தவிர, மனதில் பதியவில்லை. 1970இல் அங்கே கண்டெடுத்த கரிந்துபோன ஒரு சுருளை, தொட்டால் பொடியாகும் என்று நாற்பத்தைந்து வருஷம் விரிக்காமலே வைத்திருந்து, 2015இல் ஸ்கேன் செய்து உள்ளே லேவியராகமத்தின் ஆரம்பம் இருக்கிறது என்று வாசித்தார்கள். நம் ஸ்கேன் அறையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவன், அன்று அதன் அருகில் நின்றும் நினைக்கவில்லை.

ரோட்டோரமாய் நடந்து வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கடையில் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி வாங்கினேன். அதன்மேல் என்கேதி என்றே எழுதியிருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் அடைத்து விற்கிறார்கள். எத்தனை புட்டி குடித்தேன் என்று இந்தச் சபையில் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். அந்தச் சகோதரரின் மூன்றாம் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நடந்ததெல்லாம் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன புத்தியை நானே செய்து பார்த்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எவ்வளவு நேரம் ஐயா?"

"மூணு மணி நேரம்."

நான்கு வருஷமாய் அப்படி இருக்கிறவர். ஏதாவது குத்தலாய்ச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கொஞ்சம் என் பக்கம் தலையைத் திருப்பி, "கடைசியில குடிச்சீங்களே, அது எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் திகைப்பு. பசித்தவன் முன்னால் விருந்தை விவரிக்கலாமா? சிஸ்டரைப் பார்த்தேன். அந்த அம்மாள் தலையை அசைத்தார்கள். சொன்னேன். புட்டியின் வெளியே வேர்த்திருந்தது, மூடி திறக்க வராமல் பல்லால் கடித்தேன், முதல் மடக்கு தொண்டையில் வலித்தது, இரண்டாம் மடக்கு நெஞ்சுக்குள் இறங்குவது தெரிந்தது, சட்டை நனைந்தது, மூச்சு விடுவதற்காக நிறுத்தினேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த படுக்கையில் இருந்த பெரியவர், "சத்தமாச் சொல்லுங்க ஐயா" என்றார். அன்று அந்த வார்டில் நான் வேதம் வாசிக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மறு வருஷம் பெரிய வெள்ளி, 2020 ஏப்ரல் 10, ஊரடங்கில் வந்தது. ஆலயம் பூட்டியிருந்தது. டயாலிசிஸை எந்த ஊரடங்கும் பூட்ட முடியாது. அந்த நோயாளிகள் போலீஸாரிடம் மருத்துவமனைச் சீட்டைக் காட்டிக் காட்டி வந்தார்கள். அன்று வார்டிலேயே, முகக்கவசத்தோடு, தள்ளி நின்று ஐந்தாம் வார்த்தையை மட்டும் தியானித்தோம். நான் பேசவில்லை. அந்தச் சகோதரரைப் பேசச் சொன்னேன். ஊசி குத்திய கையை அசைக்காமல், படுத்தபடியே இரண்டு நிமிஷம் பேசினார்.

"எல்லாரும் அவருக்குக் காடி குடுத்ததைப் பேசுவாங்க. எனக்கு அந்தக் கடற்பஞ்சுதான் ஞாபகம் இருக்கும். வீட்டுல என் சம்சாரம் ஈரத்துணியை உதட்டுல வைக்கும். குடிக்க முடியாதவனுக்கு அதுதான் தண்ணி. அங்க இருந்த போர்ச்சேவகர்ல ஒருத்தனுக்கு அது தெரிஞ்சிருக்கு. அவன் வீட்டுலயும் யாரோ சீக்காக் கிடந்திருக்கணும்."

வேதாகமக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தேன். பஞ்சைப் பற்றி இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் 2021இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உப்பளத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவருடைய நோய்க்கு அதுதான் காரணமா என்று உறுதியாய்ச் சொல்ல முடியாது என்றும் நம் டாக்டர் சொன்னார். உப்பளத்தில் அவருக்குத் தண்ணீர் இருந்தது, குடிக்க நேரம் இல்லை. வார்டில் நேரம் இருந்தது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். நன்கொடை விவரத்தை அவர் வாசிப்பார், ஆகையால் நான் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவுக்குப் பெரிதும் கைகொடுக்கிறது, அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். வாரம் இரண்டு முறை வந்துபோகிற பேருந்துக் கட்டணம், கூட வருகிறவரின் கூலி இழப்பு இவற்றை அது தராது; அந்த நிதியை நீங்கள்தான் நடத்துகிறீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சாதனத்தின் சவ்வுகளை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் இயந்திரம் நோயாளிக்கு நன்மை செய்யாது, தீங்கு செய்யும்.

கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் டயாலிசிஸ் பிரிவைப் பார்க்கலாம். நான்கு மணிக்கு ஆள் மாறும், அப்போது சிஸ்டர்கள் உள்ளே விடுவார்கள். போகும்போது உங்கள் கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தால், வாசலுக்கு வெளியே ஒரு மேஜை போட்டிருக்கிறோம், அதில் வைத்துவிட்டுப் போங்கள். தம்பி, இந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துவிடு.